கிராணி சொன்னதாக நீங்கள் சொல்வதெல்லாம்

போன மாதம் கோயில் மண்டபத்தில் நம் வயதுக்காரர்கள் கூடினோம். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும், உங்களில் ஒருவர் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். ஓர் ஆட்டிலிருந்து அச்சு அசலாக இன்னோர் ஆட்டை வெள்ளைக்காரன் உண்டாக்கிவிட்டான் என்ற செய்தியை உரக்க வாசித்தார். விடுவீர்களா நீங்கள்? "அப்ப இனிமே தீபாவளிக்கு ஒரே ஆடு போதும்லா, வெட்ட வெட்ட வந்துகிட்டே இருக்கும்" என்றார் ஒருவர். "எங்க வீட்டு மருமகளை மட்டும் அச்செடுக்காம இருந்தா சரி" என்றார் அடுத்தவர். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் என் பக்கம் திரும்பினீர்கள். "ஆயிரம் சொன்னாலும் உங்கப்பா மாதிரி வராது. டிக்கெட் கிராணி இருந்திருந்தா இந்த ஆட்டை ஒரு வழி பண்ணியிருப்பாரு" என்றீர்கள்.

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். சர்க்கரை மாத்திரை போடும் நேரம் என்று சொன்னது பொய். எனக்குக் கோபம். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்து பல் போன நீங்கள் எல்லோரும், கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் அந்தக் காலத்துக் கிண்டல்களை ஒன்றுவிடாமல் சொல்கிறீர்கள். சொல்லி முடித்ததும் மறக்காமல் "டிக்கெட் கிராணி சொன்னது" என்று பேரையும் சேர்க்கிறீர்கள். ஐம்பது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தது போதும். போரில் ஜப்பான்காரன் நம் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

அப்பா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா, அதனால்தான் டிக்கெட் கிராணி என்ற பேர் என்பது உங்களுக்குத் தெரியும். ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பின்பக்கம் நாறிக்கொண்டு ஓடும் லோங்காங் சாக்கடை. வீட்டில் அப்பா, அம்மா, ஒன்பது வயதில் நான், தொட்டிலில் தம்பி. காலையில் மரவள்ளிக் கிழங்கு, ராத்திரியும் மரவள்ளிக் கிழங்கு. விளக்கில் ஊற்றுவதும் செம்பனை எண்ணெய், தலையில் தேய்ப்பதும் அதேதான். எங்கள் பாவாடை, சட்டை, தலையணை எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு எண்ணெயின் வாடை ஏறியிருந்தது. இப்போது அதை உடம்புக்கு நல்லது என்று பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். நான் கடைக்குப் போனால் அந்த வரிசைப் பக்கமே போவதில்லை.

ஸ்டேஷனுக்குத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று வரும். ஒற்றைத் தாள். தொட்டால் மை கையில் ஒட்டும். முன்பக்கம் முழுக்க ஜப்பான் ஜெயித்த கதை. பின்பக்கத்தில் விஞ்ஞானம். அரிசி இல்லை, துணி இல்லை, சோப்பு இல்லை, பெட்ரோல் இல்லை என்று எழுத முடியாதல்லவா? அதனால் ஒவ்வொன்றுக்கும் பதிலாக இன்னொன்றை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எழுதுவார்கள். எங்கள் வீட்டில் எது தீர்ந்துபோனதோ அது தேவையே இல்லை என்று மறுவாரம் செய்தி வரும்.

அந்தத் தாளை அப்பா சாயங்காலம் முடிவெட்டுக் கடையில் வாசிப்பார். கடைக்கு முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதையில் ஆட்கள் குந்தியிருப்பார்கள். குண்டு விழுந்தால் சிதறாமல் இருக்கக் கடைக்காரர் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதம் ஒட்டியிருந்தார். அதில் முகம் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். சோப்பு நுரைக்காது. கத்தியைத் தோல்வாரில் தீட்டும் சத்தம் மட்டும் பழைய காலத்துச் சத்தமாகவே இருந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போவேன். வீட்டைவிட அங்கே காற்று வரும்.

அப்பா கெட்டவர் இல்லை. நேரத்துக்கு வேலைக்குப் போனவர், யாரையும் ஏமாற்றாதவர். ஆனால் சொந்தமாக ஒரு வேடிக்கைப் பேச்சு அவருக்கு வராது. டிக்கெட் கேட்டவனுக்கு டிக்கெட், ரயில் எப்போது என்று கேட்டவனுக்கு நேரம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஆட்கள் முன்னால் தடுமாறாமல் வாசிக்க வேண்டும் என்பதற்காக முதலில் வீட்டில் ஒரு தடவை உரக்க வாசித்துப் பார்ப்பார். அம்மா சமையல்கட்டில் காய்ந்த மரவள்ளியை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

ஒரு நாள், அரிசியைவிட மரவள்ளிக் கிழங்கில்தான் உடம்புக்குத் தெம்பு அதிகம் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருப்பதாக வாசித்தார். அம்மா உலக்கையை நிறுத்தவில்லை. உரலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கண்டுபிடிச்சவரு சோறு தின்னுட்டுத்தான் கண்டுபிடிச்சிருப்பாரு. கெழங்கு தின்னவனுக்கு ஏது அம்புட்டுத் தெம்பு?"

"சயின்ஸைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? வேலையைப் பாரு" என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் கழித்து முடிவெட்டுக் கடையில் அதே செய்தியை வாசித்தார். "நெசமாவா கிராணியாரே?" என்று யாரோ கேட்டார்கள். அப்பா தாளை மடித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். அஞ்சடியே அதிர்ந்தது. கடைக்காரர் சிரிப்பதற்காகக் கத்தியை வாடிக்கையாளரின் கன்னத்திலிருந்து எடுத்துத் தூரப் பிடித்துக்கொண்டார். "கிராணியாரே, இத்தனை நாளா இந்த வாயை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார். அப்பா வாயைத் திறந்தார். 'என் சம்சாரம் சொன்னது' என்று சொல்ல அது நல்ல தருணம். அவர் சிரித்துவிட்டு அடுத்த செய்தியை வாசிக்க ஆரம்பித்தார்.

நான் தம்பியோடு வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, நீ சொன்னதை அப்பா சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

அம்மா உலக்கையை நிறுத்தினாள். "சிரிச்சாங்களா? யாரு மொதல்ல?"

"முடிவெட்டுற மாமா."

"கையில கத்தியை வச்சுக்கிட்டா? யாரு காது போச்சோ" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வருஷங்களில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்தச் சாயங்காலங்களில் மட்டும்தான்.

அதன்பிறகு அது பழக்கமாகிவிட்டது. அப்பா வாசிப்பார், அம்மா உரலிடம் பதில் சொல்வாள், அப்பா அவளை அதட்டுவார், பிறகு கடைக்குப் போய் அதையே சொல்வார். நான் ஓடி வந்து யார் சிரித்தார்கள் என்று அம்மாவிடம் சொல்வேன். ரப்பர் பாலிலிருந்து பெட்ரோல் எடுத்துப் பஸ் ஓட்டலாம் என்று செய்தி வந்தபோது, "கிள்ளானுக்குன்னு ஏறி உக்காந்தா பாதி வழி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயி, சடார்னு பிரிக்பீல்ட்ஸ்லயே கொண்டாந்து விட்டுரும்" என்றது அம்மா. அன்னாசி இலை நாரில் சேலை நெய்யலாம் என்று வந்தபோது, "நல்லதுதான், கட்டினவ பக்கத்துல புருஷன் வரமாட்டான். புள்ளைங்க குறையும், ரேஷன் மிச்சம்" என்றதும் அம்மாதான். இந்த இரண்டையும் என் கல்யாணத்தில் மேடையேறி அப்பா பேரில் சொன்னீர்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது உங்கள் அப்பாக்களின் நேர்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொன்ன வேடிக்கையைத் தன்னுடையது என்று சொல்வது அந்தக் கடையில் பெரிய குற்றம். யாருடைய பேச்சோ அவர் பேரைச் சொல்லித்தான் அதை எடுத்துப்போக வேண்டும். பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர் பேரைச் சேர்க்காமல் ஒரு கிண்டலைச் சொல்லிவிட்டார் என்று அவருக்கு 'இரவல்' என்று பட்டம் கட்டினார்கள். சாகும்வரை அவர் இரவல்தான். அவர் அஞ்சடியில் வந்து குந்தினால், "வாங்க இரவல், இன்னிக்கு யாரு வீட்டுச் சரக்கு?" என்று கேட்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அப்பா சிரிப்பதைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாகப் பெரியவர்கள் மேல் வெறுப்பு வந்தது.

கிள்ளானில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாய் ஒருவரும் அங்கே வருவார். சரக்குத் தேடி ரயிலில் வருகிறவர், திரும்புவதற்குமுன் முகச்சவரம் செய்துகொள்வார். அப்பா சொன்னதை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கிள்ளானில் தன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். "உங்க பேரைச் சொல்லாம நான் ஒரு பேச்சும் பேசுறதில்ல கிராணியாரே. அடுத்தவன் சொத்து நமக்கு வேணாம்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வார். உண்மையிலேயே நல்ல மனிதர்.

கடைசி வருஷத்தில், வானத்தில் விமானம் வருவதை வெகு தூரத்திலேயே காது கொடுத்துக் கேட்டுவிடும் இயந்திரத்தை ஜப்பான் விஞ்ஞானிகள் செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இனி எந்த விமானமும் தெரியாமல் வர முடியாதாம். அதை அப்பா வாசித்த அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்று நினைவு.

கொஞ்ச நாளில் குண்டு விழுந்தது. ரயில்வே பட்டறைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் போட்டார்கள். பகல் வேளை. நான் கிணற்றடியில் இருந்தேன். முதலில் தரை தூக்கிப்போட்டது, பிறகுதான் சத்தம் வந்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு லோங்காங்கில் குதித்தாள். சேறு இடுப்புவரை. அப்போதுதான் தம்பி தொட்டிலில் கிடப்பது நினைவு வந்தது. அம்மா ஏறப் பார்த்தாள், வழுக்கி விழுந்தாள், மறுபடி ஏறினாள். ஓடு உடைந்து கொட்டுகிற வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, முகமெல்லாம் சுண்ணாம்புத் தூசி. விமானங்கள் எல்லாம் போய்ச் சத்தம் ஓய்ந்த பிறகு, சாவகாசமாக அபாயச் சங்கு ஊதியது.

அடுத்த தாளில் குண்டு விழுந்த செய்தி இல்லை. அந்தக் காது இயந்திரத்தைப் புகழ்ந்து இன்னொரு பத்தி வந்திருந்தது. அப்பா பழக்கதோஷத்தில் அதையும் வாசித்துப் பார்த்தார். அம்மாவின் தலைமயிரில் லோங்காங் சேறு இன்னும் முழுசாகப் போகவில்லை. உலக்கையை ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டுச் சொன்னாள்.

"அந்த மெஷினுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேட்டிருக்கும். வாய் வைக்க மறந்துட்டானுங்க."

அவள் சிரிக்கவில்லை. அது வயிறெரிந்து சொன்ன வார்த்தை. எனக்கு அந்த வயதிலேயே அது தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை. கடையில் போய் அதை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டுச் சட்டென்று ரோட்டைப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் ஓடி வந்து சொன்னபோது, அம்மா யார் முதலில் சிரித்தது என்று கேட்கவில்லை. "இதையுமா போய்ச் சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பேச்சு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் ஓடியது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனது. பாய் தன் சாப்பாட்டுக்கடையில் அதைச் சொன்னார். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட முன்பின் தெரியாத ஒருவன், "பிரமாதம், யாரு சொன்னது?" என்று கேட்டிருக்கிறான். பாய் பெருமையாகச் சொன்னார். ஊர் பேர், வேலை, ஸ்டேஷனில் எந்த ஜன்னல் என்பது வரைக்கும் சொன்னார். இதெல்லாம் பின்னால் பாயே எங்கள் வீட்டு வாசலில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு சொன்னது. "அடுத்தவர் பேச்சை நான் சொன்னேன்னு எப்படிம்மா சொல்லுவேன்?" என்று அழுதார்.

ராணுவப் போலீஸ் அப்பாவை டிக்கெட் ஜன்னலிலிருந்தே கூட்டிக்கொண்டு போனது. எங்களுக்கு ஓடி வந்து சொன்னவர் பார்சல் ஆபீஸ் இரவல். அவரைத்தான் உங்கள் அப்பாக்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். அவர்தான் காட்டிக்கொடுத்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். கடைக்காரர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். உண்மை தெரிந்த பிறகும் யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் அவரைப்போலப் பேரைச் சொல்லாமல் விட்டிருந்தால் அப்பா மீது ஓர் அடி விழுந்திருக்காது.

பிடித்துக்கொண்டு போனவர்களைச் சயாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த சிலரை நாங்கள் பார்த்திருந்தோம். ஆகவே அம்மா ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. தம்பியைக் கடைக்காரரின் மனைவியிடம் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "பலகையில ஜப்பான் எழுத்துப் போட்டிருக்குமாம். நீதான் பள்ளிக்கூடத்துல படிக்கிறியே, வா" என்றாள். வெயிலில் நடந்தே போனோம். வாசலில் துப்பாக்கியோடு நின்றவனுக்கு இடுப்பு வளைய வணங்கினோம்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். போருக்கு முன்பே ஜப்பான்காரர் ஒருவரின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து அந்த மொழியைக் கற்றுக்கொண்டவராம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. உள்ளே எங்கேயோ யாரோ முனகும் சத்தம் கேட்டது. அது அப்பாவா என்று அம்மா காதைத் தீட்டினாள். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐயா, மெஷினுக்கு வாய் வைக்க மறந்துட்டான்னு சொன்னது நானுங்க. என் புருஷன் இல்ல. அவருக்குச் சொந்தமா அப்படியெல்லாம் பேச வராதுங்க. நான் வீட்டுல சொல்றதை வெளியில சொல்லுவாரு, அவ்வளவுதான்."

அந்த மனிதர் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். அதிகாரி அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். கையில் மரவள்ளி மாவு, ஒட்டுப்போட்ட சேலை. ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"நீதான் சொன்னேன்னா, இப்ப இன்னொண்ணு சொல்லணுமாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். மேசையில் கிடந்த பத்திரிகைத் தாளை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். லாலான் புல்லை அரைத்து மாவாக்கினால் மனிதன் சாப்பிடலாம், அதில் சத்து இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டிருப்பதாக வாசித்தார். "ம், சொல்லு பாப்போம்."

அம்மா சொல்லாவிட்டால் அப்பா போய்விடுவார். நன்றாகச் சொல்லிவிட்டால் அம்மாவைப் பிடித்துக்கொள்வார்கள். இது அந்த வயதிலும் எனக்கு விளங்கியது. அவளுக்கு விளங்காமலா இருந்திருக்கும்? அங்கே உரல் இல்லை, பார்க்க வேறு எதுவும் இல்லை. அம்மா நேராக அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப மனுஷன் புல்லு மேய வேண்டியதுதான். மாட்டைக் கொண்டாந்து அரிசி கியூவுல நிறுத்துங்க. அதுக்காச்சும் கெடைக்குதான்னு பாப்போம்."

மொழிபெயர்ப்பாளர் வெடித்துச் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அதிகாரி எழுந்து அவர் கன்னத்தில் பளாரென்று அறைந்தான். என்ன சொன்னாள் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் விறைத்து நின்று, கண்ணில் தண்ணீரோடு நீளமாக ஏதோ ஜப்பான் மொழியில் சொன்னார். பள்ளியில் கற்றதை வைத்து எனக்கு விளங்கியவை இரண்டே சொற்கள்: 'பெண்', 'முட்டாள்'. மாடு என்ற சொல்லும் எனக்குத் தெரியும். அது வரவேயில்லை. அதிகாரி உட்கார்ந்தான். அவன் முகம் தளர்ந்தது. போகலாம் என்பதுபோல் கையை வீசினான்.

"கும்பிட்டுட்டுப் போ தாயி. புருஷனை விட்டுருவாங்க" என்றார் அவர்.

"நான் சொன்னதை நீங்க சொல்லலையே ஐயா?"

"சொல்லியிருந்தா நீயும் உன் புருஷனும் சயாமுக்குப் போயிருப்பீங்க. சிரிச்சதுக்கு நானும் கூட வந்திருப்பேன். இவ ஒண்ணும் தெரியாத முட்டாப் பொம்பளை, எங்க ஊரு பொண்ணுங்க புருஷனுக்காக எந்தப் பழியையும் ஏத்துக்குவாங்க, அதான் பொய் சொல்ல வந்திருக்கான்னு சொன்னேன். அது அவனுக்குப் புரிஞ்சுது, மனசு எளகிருச்சு. போ, போ."

இதுதான் அங்கே நடந்தது. கூட இருந்தது நான் ஒருத்திதான்.

அப்பாவை விட்டுவிட்டார்கள். முன்பல் போயிருந்தது. வலது கை விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. காசை வாங்கி டிக்கெட் கொடுத்த கை அது. ஒன்றை மட்டும் அவருக்காகச் சொல்லியே ஆக வேண்டும். அத்தனை அடியிலும் 'என் சம்சாரம் சொன்னது' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மாவைத் தேடி வீட்டுக்கு வந்திருப்பார்கள். அது அன்பா, இல்லை அங்கேயும் அது தன்னுடைய பேச்சாகவே இருக்கட்டும் என்ற வீம்பா? வருஷக்கணக்காக யோசித்துவிட்டேன். தெரியவில்லை. அதுவும் சேர்ந்துதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

விடும்போது மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் சொன்ன கதையையே அப்பாவிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறார். "உன் சம்சாரம் உனக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா. கோயில் கட்டிக் கும்பிடு." அது ஊருக்குள் வந்ததும் உங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் குங்குமச் சிமிழோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவின் காலைத் தொட்டார்கள். சாவித்திரி என்றார்கள். அம்மா பின்வாங்கினாள்.

"அய்யோ, நான் பழியெல்லாம் ஏத்துக்கலக்கா. நெசத்தைத்தான் சொன்னேன். அது நான் சொன்ன பேச்சுதான்."

"ஆமாம்மா, ஆமா" என்று அவர்கள் கன்னத்தைத் தடவினார்கள். "இப்பவும் விட்டுக்குடுக்க மாட்டேங்குறா பாரு!" என்று கடைக்காரரின் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். நான் குறுக்கே விழுந்து, "அம்மாதான் சொன்னாங்க, எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று ஒருத்தி என் தலையில் குட்டினாள்.

அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்த அந்த வாயால் அப்பா சொன்னார். "அவ தங்கம்."

பெண்கள் விசும்பினார்கள். அம்மா உள்ளே போய் அடுப்பை ஊதினாள்.

வீக்கம் வடிந்து அப்பா மறுபடி தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசித்தார், நிறுத்தினார், காத்திருந்தார். உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. அதே வரியை மறுபடியும் வாசித்தார். அம்மா மாவைச் சலிக்க ஆரம்பித்தாள். கடையில் அவர் வாசித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்தார். பயந்துவிட்டார், பாவம் என்று உங்கள் அப்பாக்கள் பேசிக்கொண்டார்கள். ஜப்பான்காரன் போகட்டும், அப்புறம் பாருங்கள் கிராணியின் பேச்சை என்றார்கள்.

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பத்திரிகையும் பழையபடி தடித்து வந்தது. ஒரே ஒரு குண்டில் ஒரு முழு ஊர் அழிந்த கதையும், கண்ணுக்குத் தெரியாத அணுவைப் பிளந்து விஞ்ஞானிகள் அதைச் செய்த விதமும் விளக்கமாக வந்த அன்று, முடிவெட்டுக் கடையில் நிற்க இடமில்லை. கிள்ளானிலிருந்து பாய் வந்திருந்தார். இனிமேல் யாருக்கும் பயமில்லை, வாய்விட்டுச் சிரிக்கலாம். அப்பா செய்தியை முழுக்க வாசித்தார். கடைக்காரர் கத்தியைத் தூரப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

"சொல்லுங்க கிராணியாரே. எத்தனை நாளாச்சு உங்க பேச்சைக் கேட்டு!"

அப்பா தாளை மடித்தார். "கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன், எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தார். கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

நான் பின்னாலேயே போனேன். சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு அப்பா அந்தச் செய்தியை அம்மாவுக்கு முதலிலிருந்து வாசித்தார். மூச்சு வாங்கியது. வாசித்து முடித்ததும், கல்யாணமான நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஏதாச்சும் சொல்லேன். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

அம்மா உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் ஏதோ மின்னியது. அவளுக்கு ஒன்று தோன்றிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்பாவும் அதைப் பார்த்தார். ஆவலோடு ஓர் அடி முன்னால் வந்தார்.

"அவங்க கேட்டது உங்களைத்தானே?" என்றாள் அம்மா.

உலக்கையை எடுத்து இடிக்க ஆரம்பித்தாள்.

அப்பா அஞ்சடிக்குத் திரும்பி வந்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் முன்பல் இல்லாத அந்த வாயைத் திறந்தார், மூடினார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் தோளைப் பிடித்தார்.

"விடுங்கய்யா, வற்புறுத்தாதீங்க. அவனுங்க அடிச்ச அடியில மனுஷனோட பேச்சே போயிருச்சு."

பாய் வாய்விட்டு அழுதார். உங்கள் அப்பாக்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றார்.